டிஃபென்டராக கிளப்பில் சேரப்போகும் பிள்ளைக்கு: பிறப்புச் சான்றிதழிலிருந்து கான்ட்ராக்ட் வரை

என் தம்பி ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் டிஃபென்டர். பள்ளி அணியில் தொடங்கி, விடுதி, அகாடமி, சென்னை லீக் என்று போய், இப்போது கையில் ஒரு கிளப் கான்ட்ராக்டோடு இருக்கிறான். ஆட்டத்தை அவனும் அவன் கோச்சும் பார்த்துக்கொண்டார்கள். காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பார்கள், எதற்கு எவ்வளவு ஆகும், எங்கே கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லித்தர எங்களுக்கு ஆள் இல்லை. தமிழ்நாட்டில் 12 வயதிலிருந்து 20 வயதுக்குள் கால்பந்தை முழுநேரமாக எடுக்க நினைக்கும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இது உதவும். டிஃபென்டர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கோல் அடிப்பவனை ஊரே கவனிக்கும், பேக் ஆடுபவனுக்காக வீட்டார்தான் கூடுதலாக மெனக்கெட வேண்டும்.

1. பெயரையும் பிறந்த தேதியையும் எல்லா இடத்திலும் ஒன்றாக்குங்கள்

இதை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து முதலில் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? பல வீடுகளில் பெயர் இல்லாத சான்றிதழ்தான் இருக்கும், தாய் தந்தை பெயர் மட்டும் இருக்கும். பதிவான தேதியிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுக்குப் பிறகு என்றால் சிறு தாமதக் கட்டணம் உண்டு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்திருந்தால் சான்றிதழை மாநகராட்சித் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது நம்மூருக்கே உரிய தலைவலி: இனிஷியல். பள்ளியில் ‘கு. சரவணன்’, ஆதாரில் ‘சரவணன் கு’, பாஸ்போர்ட்டில் ‘சரவணன் குமார்’. மூன்றும் ஒரே பையன்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். வீரர் பதிவிலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். அதனால் அப்பா பெயரை முழுதாகப் பின்னால் போடுவது என்று இன்றே முடிவெடுத்து, எல்லா ஆவணத்தையும் அதற்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து ஆதார், அப்புறம் பள்ளிப் பதிவேடு, கடைசியாக பாஸ்போர்ட். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்தலாம், பெயரை இரண்டு முறை. பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியல், போவதற்குள் திருத்திவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு மாற்றுவது பெரும் அலைச்சல்.

பாஸ்போர்ட் 18 வயதுக்குக் கீழே என்றால் 1,000 ரூபாய். 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். 15 வயது முடிந்துவிட்டால் 1,500 ரூபாய் கட்டி 10 ஆண்டு பாஸ்போர்ட்டாகவே வாங்கலாம், அதுதான் லாபம். தத்கால் என்றால் மேலே 2,000 ரூபாய். செலக்‌ஷன் வந்த பிறகு தத்காலில் ஓடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ரெண்டு வயசு குறைச்சுப் போடலாம், எல்லாரும் செய்றாங்க’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள். இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கிறார்கள், டிடபிள்யூ3 டெஸ்ட் என்பார்கள். அங்கே சிக்கினால் தண்டனை பிள்ளைக்குத்தான், போலிச் சான்றிதழ் ஏற்பாடு செய்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது. உண்மையான வயது உள்ள பிள்ளைக்கும் எலும்பு முந்தி வளர்ந்திருந்தால் சில நேரம் இந்த டெஸ்ட் கைவிடும். டிஃபென்டர்களில் சீக்கிரம் உயர்ந்து வளர்ந்த பிள்ளைகள் அதிகம் என்பதால் இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளை அழும். அவன் மேல் தப்பில்லை என்று சொல்லி அடுத்த வயதுப் பிரிவுக்குத் தயார் செய்யுங்கள்.

2. எங்கே சேர்ப்பது

செலவில்லாத வழியை முதலில் முயலுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் கால்பந்துக்கு இடம் உண்டு. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. தேர்வு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வரும், விண்ணப்பம் ஆன்லைனில். ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே ஆணையத்தின் தளத்தையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தையும் விடாமல் பாருங்கள், கடைசித் தேதிக்கு அதிக அவகாசம் தரமாட்டார்கள்.

தனியார் அகாடமி என்றால் சென்னையில் மாதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை சாதாரணமாகக் கேட்கிறார்கள், தங்கிப் பயிலும் இடங்களில் பல மடங்கு. பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை போட்டி ஆட்டம், எந்த லீக்கில்? டிஃபென்டருக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். கோனைச் சுற்றி ஓடிப் பழகினால் விங்கர் கொஞ்சம் தேறுவான். எதிரில் ஃபார்வர்டு வராமல் ஸ்டாப்பர் எதையும் கற்க முடியாது. எப்போது ஏறுவது, எப்போது பின்வாங்குவது, யாரை யாரிடம் ஒப்படைப்பது என்பதெல்லாம் ஆட்டத்தில்தான் வரும். பளபளக்கும் டர்ஃபைவிட, வாரா வாரம் மாவட்ட லீக்கில் அடிபடும் சாதாரண கிளப் மேல் என்பது என் கருத்து. பள்ளிகளுக்கிடையே நடக்கும் சுப்ரதோ கோப்பைக்குப் பிள்ளையின் பள்ளியில் அணி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘ஸ்பெயின் அகாடமியில் சீட், கிளப்பிலேயே சைன் பண்ண வைக்கிறோம், இவ்வளவு லட்சம்’ என்று சொல்லி வருவார்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்யக்கூடாது என்பதே பொது விதி. பெற்றோர் கால்பந்து தவிர்த்த வேறு காரணத்துக்காக அங்கே குடிபெயர்வது போன்ற ஒருசில விலக்குகள்தான் உண்டு. அவர்கள் விற்பது பயிற்சிச் சுற்றுலா. பணம் இருந்து, விருப்பப்பட்டுப் போனால் போகட்டும். நகையை அடகு வைத்து அனுப்பாதீர்கள். அதே மாதிரி, நாட்டின் பெரிய லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கைச் சொல்லி, ‘ஐஎஸ்எல் ஜூனியர் டீமில் இடம் பேசியாச்சு, முன்பணம் மட்டும் கட்டுங்க’ என்று கேட்பவரிடமும் ஒரு ரூபாய் தராதீர்கள்.

3. டிரையல்ஸில் டிஃபென்டர் எப்படிக் கண்ணில் படுவது

கோப்பில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் நகல்கள், சுயசான்றொப்பத்தோடு இரண்டு செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பழைய போட்டிச் சான்றிதழ்கள், டாக்டரிடம் வாங்கிய உடற்தகுதிச் சான்று, வீரர் ஐடி இருந்தால் அதன் எண். அசலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஷின் கார்டு கட்டாயம். ஸ்டட்ஸ் புல்தரைக்கு ஒன்று, டர்ஃபுக்கு ஒன்று. உள்ளூர் பிராண்டில் ஜோடி ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், அதுவே போதும். புது ஸ்டட்ஸை டிரையல்ஸ் அன்று முதன்முதலாகப் போடாதீர்கள், குதிகால் கிழியும்.

படிவத்தில் ‘எந்த இடம்’ என்ற கட்டத்தில் எங்கே விட்டாலும் ஆடுவேன் என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. வேண்டாம். ‘இடது ஸ்டாப்பர், இடது கால்’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இடது கால் ஸ்டாப்பரும் லெஃப்ட் பேக்கும் எப்போதும் குறைவாகவே கிடைப்பார்கள், அந்த ஒரு வரியே தேர்வாளரை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

டிரையல்ஸில் ஆளுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் பந்து ஸ்டாப்பர் பக்கம் வராமலே போகலாம். அதற்காக அவன் பந்தைத் தேடி நடுத்திடலுக்கு ஓடினால் அங்கேயே தேர்வு போச்சு. டிஃபென்டரைத் தேர்வு செய்பவர்கள் பார்ப்பது வேறு: முன்பின் தெரியாத நாலு பேரோடு ஒரே கோட்டில் நின்று லைன் பிடிக்கிறானா, பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பேசுகிறானா, ஹெட்டரில் கண்ணை மூடுகிறானா, பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காமல் தன் ஆளிடம் சேர்க்கிறானா. குரல் கொடுப்பதை வீட்டிலிருந்தே பழக்குங்கள். கூச்ச சுபாவமுள்ள நல்ல ஸ்டாப்பர்கள் பலர் வாய் திறக்காததாலேயே வெளியே போகிறார்கள்.

அப்புறம் வீடியோ. நம் பிள்ளையின் வேலை ஸ்கோர்போர்டில் வராது என்பதால் இதற்கு நேரம் செலவழியுங்கள். தரையில் நின்று போனில் எடுத்தால் கால்கள்தான் தெரியும், லைன் தெரியாது. நாங்கள் மைதானத்தை ஒட்டிய வீட்டில் கேட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏறி நின்று எடுத்தோம். போனைக் குறுக்காகப் பிடித்து, ஜூம் செய்யாமல், பின்வரிசை நாலு பேரும் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்கும்படி எடுத்தால் போதும். பந்து எங்கோ எதிர்க்கோலில் இருக்கும்போதுகூட கேமரா அவனை விட்டுவிடக்கூடாது. அப்போது அவன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் விவரம் தெரிந்த கோச் தேடுவார். நாலைந்து நிமிடத் தொகுப்பு போதும். தொடக்கத்தில் ஜெர்சி எண், உயரம், எந்தக் கால் என்று எழுதுங்கள். பாட்டு வேண்டாம். சறுக்கி எடுத்த டேக்கிளாக அடுக்காதீர்கள், சரியாக நின்றிருந்தால் சறுக்கவே தேவையில்லை என்பது கோச்சுகளுக்குத் தெரியும். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பையும் அனுப்புங்கள். தொகுப்பைப் பார்த்து ஆர்வம் வந்தவர்கள் அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.

4. வீரர் பதிவும் ரிலீஸும்

அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு, அதாவது ஏஐஎஃப்எஃப், நடத்தும் ஆன்லைன் பதிவுக்கு சிஆர்எஸ் என்று பெயர். பிள்ளையின் விவரத்தை கிளப்தான் ஏற்றும், அதில் அவனுக்கு ஒரு ஐடி வரும். ஒரு ஆளுக்கு ஒரே ஐடிதான். வேறு கிளப்புக்குப் போகும்போது எழுத்துக்கூட்டலை மாற்றிப் புதிதாகப் பதிவு செய்துவிட்டால் பிறகு இரண்டையும் ஒன்றாக்குவது பெரும்பாடு. ஐடி எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். எந்த கிளப், எந்தத் தேதி வரை, அமெச்சூரா புரொஃபஷனலா என்று திரையில் இருப்பதைப் படம் பிடித்து வையுங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேரும்போது பத்து காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதில் ஒன்று பதிவுப் படிவமாக இருக்கும். பிறகு வேறு இடத்தில் வாய்ப்பு வந்தால் பழைய இடத்தில் ரிலீஸ் அல்லது என்ஓசி, அதாவது விடுவிப்புக் கடிதம், கேட்டுப் போய் நிற்க வேண்டும். எங்களை ஒரு அகாடமி அப்படி இழுத்தடித்தது. ‘சார் வெளியூர்’, ‘திங்கட்கிழமை வாங்க’, ‘இவ்வளவு நாள் செலவு செஞ்சிருக்கோமே’ என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில். கிளப் மாற அனுமதிக்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுவதற்குள் கிடைத்தது பெரும்பாடு. சேரும்போதே எழுத்தில் கேளுங்கள்: பதிவு எந்தத் தேதியில் முடியும், நடுவில் போனால் என்ன நிபந்தனை, பணம் கேட்பீர்களா. வாய்வார்த்தை செல்லாது. ரிலீஸ் கேட்கும்போது மின்னஞ்சலில் கேட்டு, மாவட்டச் சங்கத்துக்கும் நகல் போடுங்கள். தேதி பதிவானால் பேச்சின் தொனி மாறும்.

பயிற்சி தந்த கிளப்புக்கு ஈட்டுத்தொகை என்பது விதிகளில் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது வீரரைப் புதிதாக எடுக்கும் கிளப். உங்கள் வீட்டுப் பையிலிருந்து போகவேண்டியது அல்ல.

விண்டோ பொதுவாக ஆண்டுக்கு இரண்டு: சீசனுக்கு முன் ஒன்று, நடுவில் ஒன்று. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஏஐஎஃப்எஃப் அறிவிப்பைப் பாருங்கள். மாநிலம் மாறுவதாக இருந்தால் இரண்டு பக்கச் சங்கமும் ஒப்புதல் தர வேண்டியிருக்கும், அதனால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

5. இதயமும் முழங்காலும்

கிளப் கேட்கும்வரை காத்திராமல் 15 வயதுக்குள் ஒருமுறை ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள். தனியாரில் இரண்டும் சேர்ந்து சுமார் 2,000, 3,000 ரூபாய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தியாவின் முன்னணி ஸ்டாப்பர்களில் ஒருவரான அன்வர் அலி. 2017-இல் இங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவர். 2019-இல் கிளப் செய்த பரிசோதனையில் அவருக்கு இதயத் தசைக் கோளாறு தெரிந்தது. ஏஐஎஃப்எஃப் ஆடவிடாமல் நிறுத்தியது, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. நிபுணர்களின் பரிசீலனைக்குப் பிறகு திரும்பி வந்து 2022-இல் இந்திய அணிக்கே ஆடினார். முன்கூட்டியே தெரிந்தால் சிகிச்சைக்கும் முடிவுக்கும் நேரம் இருக்கும்.

முழங்கால் திரும்பி ‘டப்’ என்று சத்தம் வந்து வீங்கினால் எண்ணெய் தடவி நீவ விடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போய் எம்ஆர்ஐ எடுங்கள். தசைநார் அறுந்திருந்தால் தனியாரில் அறுவை சிகிச்சை லட்சத்தைத் தாண்டும், திரும்பி ஆட எட்டு ஒன்பது மாதம் ஆகும். கிளப் ஆட்டத்தில் அடிபட்டால் யார் செலவு என்பது கான்ட்ராக்டில் இருக்கவேண்டிய விஷயம், அடுத்து அதற்கே வருகிறேன்.

மருந்திலும் கவனம் வேண்டும். ஊக்கமருந்து சோதனையில் சளி மருந்தும் வலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியும்கூடச் சிக்கவைக்கும். டாக்டரிடம் ‘போட்டி விளையாட்டு வீரர்’ என்று சொல்லியே மருந்து வாங்குங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஜிம்மில் யாரோ தரும் பவுடரைத் தொடவே கூடாது.

6. கான்ட்ராக்டை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள்

‘இப்பவே கையெழுத்துப் போடுங்க, சாயங்காலம் விண்டோ மூடுது’ என்பார்கள். ஒரு இரவு அவகாசம் கேளுங்கள். கொடுக்க மறுக்கும் கிளப்பில் வேறு பிரச்சினைகளும் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த உறவினர் போதாது, ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

18 வயதுக்குள் என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். ஃபிஃபா விதிப்படி கான்ட்ராக்ட் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, 18 தாண்டியவருக்கு உச்சவரம்பு 5 ஆண்டு. ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் இந்தக் கான்ட்ராக்ட் செல்லும்’ என்று நிபந்தனை போடவும் கூடாது, அந்தச் சோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டியது கிளப்பின் பொறுப்பு.

படிக்கும்போது பேனாவால் கோடு போட வேண்டியவை: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சம்பளம் எத்தனை மாதத்துக்கு. ஆண்டுத் தொகையைப் பெரிதாகச் சொல்லி, சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கணக்குப் போடும் இடங்கள் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, ஊருக்கு டிக்கெட் யார் தருவது. அடிபட்டால் அறுவை சிகிச்சை, பிசியோ, அந்த மாதங்களின் சம்பளம் என்ன ஆகும். ‘கிளப் விரும்பினால் இன்னொரு ஆண்டு நீட்டிக்கலாம்’ என்ற வரி இருந்தால், அதே சம்பளத்திலா உயர்த்தியா என்று கேளுங்கள், வீரரின் சம்மதமும் வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். ‘லீக் நடக்காவிட்டால்’ என்று தொடங்கும் வரியை மட்டும் மூன்று முறை படியுங்கள். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசன் காலவரையின்றி நிறுத்தி வைக்கப்பட்டபோது சில கிளப்கள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்திவிட்டன. பெரிய பெயர்களுக்கே அந்த நிலை.

லோன், அதாவது ஒரு கிளப் தன் வீரரை இன்னொரு கிளப்புக்குத் தற்காலிகமாக அனுப்புவது என்றால் இன்னும் கவனம். அதே அன்வர் அலி 2024-இல் டெல்லி எஃப்சியிலிருந்து லோனில் மோகன் பகானில் இருந்தபோது அதை நடுவில் முறித்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். ஏஐஎஃப்எஃபின் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டி அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் டெல்லி எஃப்சியும் ஈஸ்ட் பெங்காலும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் சொன்னது. அந்த உத்தரவு நீதிமன்றத்துக்குப் போய் மறுவிசாரணைக்கு வந்தது. வக்கீல் படையோடு இருப்பவருக்கே இவ்வளவு இழுபறி. புதுப்பையன் ஒரு கான்ட்ராக்ட் ஓடும்போது இன்னொன்றில் கையெழுத்திட்டால் தாங்கமாட்டான். ஓடும் கான்ட்ராக்டின் கடைசி ஆறு மாதத்தில் மட்டும் அடுத்த கிளப்போடு பேசி ஒப்பந்தம் செய்யலாம் என்று விதி இருக்கிறது.

கையெழுத்தான அசலில் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், அதே பிரதிதான் சிஆர்எஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். ‘பாதித் தொகை தனிக் காகிதத்தில்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி விழுந்தால், 15 நாள் கெடு வைத்து எழுத்தில் நோட்டீஸ் தந்து, அதற்கும் பணம் வராவிட்டால் கான்ட்ராக்டை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. அந்த நிலை வந்தால் தனியாகச் சண்டை போடாமல் இந்திய கால்பந்து வீரர்கள் சங்கத்திடம் போங்கள்.

ஏஜென்ட் வந்தால் ஃபிஃபா லைசென்ஸ் எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். எண் இல்லாதவர் கமிஷன் கேட்க முடியாது.

7. பான் கார்டும் டிடிஎஸ்ஸும்

பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் பான் கார்டும் முன்பே எடுத்து வையுங்கள். கிளப் பொதுவாக 10 சதவீதத்தை வரியாக முன்பே பிடித்துக்கொண்டு தரும், அதுதான் டிடிஎஸ். பான் இல்லாவிட்டால் 20 போகும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், நிறைய பையன்கள் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

8. வேலைக்கான சான்றிதழை ஆடும்போதே வாங்குங்கள்

டிஃபென்டர்களுக்கு ஆயுசு அதிகம். மலப்புரத்தைச் சேர்ந்த ஸ்டாப்பர் அனஸ் எடதொடிகா 30 வயதில்தான் இந்தியாவுக்கு முதல் ஆட்டம் ஆடினார். ஆனாலும் எல்லோருக்கும் ஐஎஸ்எல் கிடைக்காது, சென்னை கால்பந்தில் வெகுகாலமாக வீட்டு அடுப்பை எரியவைத்தது ரயில்வே, ஐசிஎஃப், வங்கி, வருமான வரித்துறை போன்ற டிபார்ட்மென்ட் அணிகள்தான். தமிழ்நாடு அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதனால் கல்லூரியை விட வேண்டாம், தொலைதூரக் கல்வியிலாவது டிகிரியை முடிக்கட்டும்.

ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வெறும் பங்கேற்புச் சான்றிதழ் போதாது. மாநிலத்துக்காக சந்தோஷ் டிராபி போன்ற தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4. ஒவ்வொன்றிலும் கையெழுத்திட வேண்டிய அதிகாரி வேறு வேறு. படிவம் 2-க்கு மாநிலச் சங்கச் செயலாளர், படிவம் 3-க்கு பல்கலைக்கழக விளையாட்டுத் துறை, படிவம் 4-க்கு பள்ளிக் கல்வித் துறை. ஐந்து வருடம் கழித்துப் போனால் பொறுப்பில் இருப்பவர் மாறியிருப்பார், பழைய பதிவேடு கிடைக்காது, அணிப் பட்டியலைக் கொண்டுவா என்பார்கள். போட்டி முடிந்த வாரமே படிவத்தை நிரப்பி எடுத்துப்போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அணிப் பட்டியலின் நகலையும் அதோடு சேர்த்து ஸ்கேன் செய்து வையுங்கள்.